பெட்டிக்குள் ஒரு சமுத்திரம்

1976-ஆம் வருஷத்தில் அமெரிக்க விளையாட்டுக் கூடம் எதற்குள்ளாவது நுழைந்திருப்பவர், காசு போட்டு ஆடும் யந்திரங்களுக்கு நடுவே, பெட்டி ஒன்றின் முகப்பிலிருந்து நீட்டிய பெரிஸ்கோப்பில் முகம் புதைத்து, சுற்றுப்புறத்தையே மறந்து நிற்கும் வாலிபர்களைக் கண்டிருப்பார். மிட்வே நிறுவனத்தார் வெளியிட்ட 'சீ உல்ஃப்', அதாவது கடல் ஓநாய், என்னும் நீர்மூழ்கி யுத்த விளையாட்டு அது.

அதற்கு முன்னோர் இல்லாமற் போகவில்லை. ஜப்பானின் சேகா நிறுவனம் 1966-இல் செய்த 'பெரிஸ்கோப்' என்ற யந்திரத்தில் திரையே கிடையாது. பிளாஸ்டிக் அலைகளின்மேல் அட்டைக் கப்பல்கள் சங்கிலியில் நகர, டார்பீடோ பாய்வதாகக் காட்ட விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். ஓர் ஆட்டத்துக்கு 25 சென்ட் கேட்டும் அமெரிக்கர்கள் சளைக்காமல் ஆடினார்கள்.

சங்கிலியும் அட்டையும் செய்த அதே வேலையை இன்டெல் 8080 என்னும் சிறு சில்லிடம் ஒப்படைத்ததே சீ உல்ஃபின் புதுமை. ஆயினும் அந்தக் கடலின் நீலம் சில்லின் கைங்கரியமன்று. கறுப்பு வெள்ளைத் திரையின்மேல் ஒட்டிய நீலப் படலத்தின் உபகாரம்! வறியவன் வீட்டுக் கல்யாணத்தில் காகிதத் தோரணம் ஜொலிப்பதைப் போல் அதுவும் ஒரு சோபைதான்.

கட்டைவிரல் பொத்தானை அழுத்தியவுடன் கப்பல் கவிழ்ந்துவிடுவதில்லை. டார்பீடோ திரையின் அடியிலிருந்து மேலே சென்று சேர்வதற்குள் கப்பல் நகர்ந்துவிடுமாகையால், அது இருக்கும் இடத்தை விட்டு, இருக்கப்போகும் இடத்தைக் குறி பார்க்க வேண்டும். இடையிலே மிதக்கும் கண்ணிவெடிகள் வழி மறிக்கும். நான்கு டார்பீடோக்களும் தீர்ந்துவிட்டால், மறுபடி நிரம்பும்வரை கை பிசைந்து நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் உறுமிக்கொண்டு குறுக்கே ஓடும், 700 புள்ளி பெறுமான விசைப்படகு! நேரம் தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. யந்திரத்துக்குச் சொந்தக்காரர் குறித்துவைத்த புள்ளியை எட்டியவருக்கு மாத்திரம் சிறிது அவகாசம் கூடுதலாகக் கிடைக்கும்.

அன்றைய யந்திரங்களின் சித்திரத் திறன் மிக அற்பமானது. கார்ப் பந்தயத்தையோ துப்பாக்கிச் சண்டையையோ அவை காட்டும்போது, எதிரிலுள்ளது வெறும் கோட்டுருவமே என்பதை நாம் ஒரு கணமும் மறப்பதில்லை. ஆனால் நிஜமான நீர்மூழ்கியின் தளபதிக்கும், பெரிஸ்கோப்பை உயர்த்திய சொற்ப நேரத்தில், வட்டத்துக்குள் அகப்பட்ட சில நிழல்களன்றி வேறென்ன தெரியும்? இல்லாமையையே இலக்கணமாக்கிக்கொண்ட இந்தச் சாதுரியத்தை நான் பெரிதும் வியக்கிறேன். 'பிங்' என்று இடைவிட்டு ஒலிக்கும் சோனார் ஓசையும் சேர்ந்தபோது பிரமை பூரணமாயிற்று.

1978-இல் வர்ணத்துடனும் இருவர் ஒருங்கே ஆட இரண்டு பெரிஸ்கோப்புகளுடனும் இரண்டாம் சீ உல்ஃப் வந்தது. வர்ணம் சரிதான், ஆழ்கடலின் நடுவில், பக்கத்து ஆசாமியின் முழங்கை விலாவில் இடித்தால் எப்படியிருக்கும்?