பிடரிப் பக்கம் வரும் காற்று

நம் கொரட்டூரிலிருந்தே ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்டிருக்கிறார்: "விண்வெளி நடையில் சுனிதா வில்லியம்ஸ் போட்டிருந்த ஹெல்மெட்டில் ஆக்ஸிஜன்தான் நிறைய இருந்ததே, அப்புறம் எதற்கு ஃபேன்?"

சரியான கேள்வி. தரையில் நாம் விடும் வெதுவெதுப்பான மூச்சு தானாக மேலே போய்விடும். எடையற்ற நிலையில் மேலும் இல்லை, கீழும் இல்லை. விட்ட மூச்சு மூக்கு வாசலிலேயே தேங்கும். சுற்றிலும் ஆக்ஸிஜன் இருந்தும் கரியமில வாயுவையே திரும்ப இழுப்போம். முதலில் தலைவலி, பிறகு புத்தித் தடுமாற்றம்.

நாசாவின் விண்வெளி உடையில் ஃபேன் இருப்பது முதுகுப் பையில். அது தள்ளும் ஆக்ஸிஜன், ஹெல்மெட்டின் பின்புறத் திறப்பில் நுழைந்து, உச்சந்தலையைத் தாண்டி முகத்தில் இறங்குகிறது. விட்ட மூச்சை அள்ளிக்கொண்டு, கண்ணாடியில் ஆவி படியாமலும் பார்த்துக்கொண்டு, கை கால் வரை போய், குழாய் வழியே பைக்குத் திரும்புகிறது. அங்கே கரியமில வாயுவும் வியர்வை ஈரமும் பிரிக்கப்படும். ஃபேன், உடலைக் குளிர்விக்கும் தண்ணீரின் பம்ப், ஈரம் பிரிக்கும் உருளை மூன்றுக்கும் மோட்டார் ஒன்றுதான்.

2013 ஜூலை 16 அன்று ஒரு விண்வெளி நடை. உருளையின் நுண்துளைகள் அடைத்துக்கொண்டதால், தண்ணீர் காற்றுப் பாதையில் புகுந்து இத்தாலிய வீரர் லூகா பார்மிட்டானோவின் பிடரியில் வந்து நின்றது. எடையில்லாத தண்ணீர் சொட்டாது, ஒட்டிக்கொண்டு ஊரும். காது, கண், மூக்கு என்று மூடிவிட்டது. ஒரு லிட்டருக்கு மேல். பாதுகாப்புக் கயிறு இழுக்கும் திசையை வைத்தே தட்டுத்தடுமாறி விண்வெளி நிலையத்துக்குத் திரும்பினார்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு வாரம் முன்பு, ஜூலை 9 அன்றே, அதே ஹெல்மெட்டில் தண்ணீர் இருந்தது. குடிநீர்ப் பை ஒழுகியிருக்கும் என்று முடிவுகட்டி மறுபடி வெளியே அனுப்பினார்கள். எங்கள் பக்கப் பட்டறைகளில் மெஷினடியில் எண்ணெய் சொட்டினால் வேஸ்ட் துணியைப் போட்டுவிட்டு ஷிஃப்டை ஓட்டுவார்களே, அதே புத்தி. எங்கிருந்து சொட்டுகிறது என்று குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை, படித்தவர்களுக்கும்தான்.

அதன்பின் பிடரிக்குப் பின்னால் தண்ணீரை உறிஞ்சும் திண்டு ஒன்றையும், முகம் மூழ்கினால் உடம்புப் பக்கக் காற்றை வாயால் இழுக்க ஒரு குழாயையும் சேர்த்தார்கள். 2022 மார்ச்சில் ஜெர்மானிய வீரர் மத்தியாஸ் மாரரின் ஹெல்மெட்டில் மறுபடியும் ஈரம். இந்த முறை அந்த உடையில் வழக்கமான விண்வெளி நடைகளையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த நடை நவம்பரில்தான்.