பாம்பின் வயிற்றில் பூச்சி
ஒளித்து வளர்க்கப்படும் பாம்பைக் கொல்வது புழு மட்டுமல்ல. ஊகத்தில் கொடுக்கும் மருந்தும்தான்

தெற்கு தில்லியின் கிட்வாய் நகரில் மனிதர்களுக்கு வைத்திய வசதிக்குக் குறைவில்லை. எய்ம்ஸ், சஃப்தர்ஜங் என இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் அருகிலேயே இருக்கின்றன. நாய்க்கும் பூனைக்கும் பூச்சி மருந்து எழுதித் தர டாக்டர்கள் கிடைப்பார்கள். ஆனால், அடுக்குமாடி வீட்டின் உள்ளறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பாம்புக்கு வயிற்றில் பூச்சி என்றால்?

சிக்கல் சட்டத்திலிருந்தே தொடங்குகிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் வந்துவிடும் சாரையோ நல்ல பாம்போ, இந்தியாவின் எந்தப் பாம்பானாலும் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு போன்ற வெளிநாட்டு இனங்களின் கதை வேறு. சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள், 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாதவர் டாக்டரிடம் போகத் தயங்குகிறார். மருந்துக் கடையில் பூச்சி மருந்து வாங்கி, அளவைத் தானே ஊகிக்கிறார். விலை கொடுப்பது பாம்பு.

பாம்புக்குப் பூச்சி இருப்பது அதிசயமல்ல. காட்டில் பிடிபட்ட பாம்பின் உடலில் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு, நுரையீரல் புழு என்று எதுவும் இருக்கலாம். தவளை, பல்லி, எலி ஆகிய இரைகளின் உடலில் குஞ்சுப்புழுக்கள் காத்திருக்கின்றன. இரையை விழுங்கும்போது புழுவும் சேர்ந்தே உள்ளே போகிறது. வயல்வெளியில் திரியும் பாம்பு பெரும்பாலும் இந்த விருந்தாளிகளுடன் சமாளித்து வாழ்ந்துவிடுகிறது.

கூண்டுக்குள் கணக்கு மாறுகிறது. கொக்கிப்புழு போன்ற சில வகைகளுக்கு நடுவில் தவளையோ எலியோ தேவையில்லை. கழிவோடு வெளியேறும் முட்டை பெட்டியின் தரையிலேயே பொரிக்கிறது. புழு அதே பாம்பின் உடலுக்குள் திரும்புகிறது. வெளியில் சிதறிப்போகும் முட்டைகள் இரண்டடிப் பெட்டிக்குள் குவிந்துகொண்டே போகின்றன. பயம், நீர்க்குறைவு, குளிர் ஆகியவை பாம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன. நாகபஞ்சமிக்குப் பாம்பாட்டியின் கூடையில் வரும் நல்ல பாம்பின் கதையும் இதுதான். பாம்பு விரும்பிக் குடிக்காத பாலைத் தாகத்தால் குடிக்கும் அளவுக்கு அது வாடிப் போயிருக்கும். சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கு நேர்மாறு. அங்கே பாம்பை மண்பானையில் சில வாரங்களே வைத்திருந்து, விஷத்தை எடுத்து, அடையாளமிட்டு, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அறிகுறிகள் மெல்லத்தான் தெரியும். தின்றதைக் கக்குவது, தின்றும் இளைப்பது, கழிவில் சளியோ ரத்தமோ கலந்திருப்பது ஆகியவை குடல் புழுவைச் சுட்டலாம். வாயைத் திறந்து மூச்சு விட்டால் நுரையீரலில் கோளாறு. ஆனால் இவற்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இரையைக் கக்குவதோடு நடு உடலும் வீங்கியிருந்தால், அது புழுவே அல்லாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரின் வேலையாக இருக்கலாம். அதற்குப் பூச்சி மருந்து பலிக்காது. நிச்சயமான மருந்தும் இல்லை.

எனவே வைத்தியம் மருந்துப் புட்டியில் அல்ல, மைக்ராஸ்கோப்பில் தொடங்குகிறது. பாம்பு தினமும் மலம் கழிப்பதில்லை. கழித்த அன்றே அதைச் சிறு டப்பாவில் மூடி டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு: தின்ற எலியின் குடலில் இருந்த புழு முட்டைகள் பாம்பின் கழிவிலும் தென்படும். எது பாம்பினுடையது, எது எலியினுடையது என்று பிரித்தறிய ஊர்வன வைத்தியம் தெரிந்த கண் வேண்டும்.

மருந்து புழுவின் வகையைப் பொறுத்தது. உருண்டைப்புழு இனத்துக்கு ஃபென்பெண்டசோல், நாடாப்புழுவுக்கு பிரசிகுவான்டெல். எடையைக் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் அளவு. ஃபென்பெண்டசோல் மிஞ்சினால் குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கும். பாம்புகளுக்கு டாக்டர்கள் தரும் ஐவர்மெக்டின் ஆமைக்கு எமன்; ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் கவனம் இருமடங்கு தேவை. நீர் வற்றிய பாம்புக்கு முதலில் நீர்ச்சத்து ஏற்ற வேண்டும். தில்லியின் டிசம்பர் குளிரில் பெட்டியைச் சூடாக வைக்காவிட்டால் செரிமானமும் நின்றுபோகும், மருந்தும் சரியாக வேலை செய்யாது. ஒரு வேளை மருந்தோடு முடிவதும் இல்லை. பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து மறுபடி மருந்து, பிறகு மறுபடி கழிவுப் பரிசோதனை. பெட்டியில் மரத்தூளுக்குப் பதில் செய்தித்தாள் விரித்துத் தினம் மாற்றுவது பாதி வைத்தியம். புதிதாக வந்த பாம்பை மூன்று மாதம் தனியே வைப்பதும், உறையவைத்த எலியை உருக்கிக் கொடுப்பதும் நோய் நுழைவதைக் குறைக்கும்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஆபத்து உண்டா? ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2022 ஜூனில், 64 வயதுப் பெண்ணின் மூளையிலிருந்து 8 செ.மீ. நீளப் புழுவை உயிரோடு வெளியே எடுத்தார் அறுவை மருத்துவர் ஹரி பிரியா பண்டி. அது மலைப்பாம்பின் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் வாழும் உருண்டைப்புழு. மனிதரிடம் அது காணப்பட்டது உலகிலேயே முதல் தடவை. அந்தப் பெண் பாம்பு வளர்த்தவர் அல்ல. பாம்பின் கழிவு பட்ட காட்டுக் கீரையைப் பறித்ததால் முட்டை உள்ளே போயிருக்கும் என்று டாக்டர்கள் கருதினார்கள். இது அபூர்வம். பாம்பிடமிருந்து சால்மொனெல்லா கிருமி தொற்றுவதுதான் சாதாரணமாக நடப்பது. இரண்டுக்கும் தடுப்பு ஒன்றே: பாம்பையோ பெட்டியையோ தொட்டபின் சோப்பால் கை கழுவுவது, பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமலிருப்பது.

மழை நாளில் படியேறி வந்த சாரைக்குப் பூச்சி மருந்து தேவையில்லை. தில்லியில் இரவு பகலாக இயங்கும் வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். போன்ற மீட்புக் குழுவுக்கு ஒரு போன் போதும். நாள்கணக்கில் வாளியில் வைத்து, வேறு பாம்புகளோடு பழகவிட்ட பிறகு வெளியே விட்டால், அது புது நோயைக் காட்டுக்குக் கொண்டுபோகலாம்.

வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவருக்கு இன்னும் எளிய சோதனை இருக்கிறது. அதைப் பட்டப்பகலில் டாக்டரின் மேஜையில் வைக்க முடியுமா? முடியாதென்றால், அதை வளர்க்கும் தகுதி அந்த வீட்டுக்கு இல்லை.