டச்சு கைதி, திருவிதாங்கூர் தளபதி: யார் இந்த டி லனாய்?

திருவண்ணாமலையிலிருந்து கன்னியாகுமரி ட்ரிப் போறவங்க லிஸ்ட்டில் பத்மநாபபுரம் அரண்மனை கட்டாயம் இருக்கும். அங்கே ஒரு ஓவியம்: மன்னர் மார்த்தாண்ட வர்மா முன்னால் ஒரு ஐரோப்பியர் சரணடைகிறார். பலரும் ஒரு செல்ஃபியோடு கடந்துவிடுவார்கள். அந்த ஐரோப்பியரின் கல்லறை பக்கத்திலேயே, புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டைக்குள் இருக்கிறது.

அவர் பெயர் யூஸ்டாக்கியஸ் டி லனாய். 1715-ல் இன்றைய வடக்கு பிரான்ஸின் ஆராஸ் நகரில் பிறந்த ஃபிளெமிஷ்காரர். டச்சு கிழக்கிந்திய கம்பெனியில் சேர்ந்து இந்தியா வந்தார். இணையத்தில் பலர் எழுதுவதுபோல அவர் 'டச்சு அட்மிரல்' எல்லாம் இல்லை.

பிரச்சினைக்குக் காரணம் மிளகு. அந்த வியாபாரம் முழுக்கத் தன் கையில் இருக்கணும்னு கம்பெனி நினைத்தது. மார்த்தாண்ட வர்மா விடவில்லை. 1741-ல் குளச்சலில் டச்சுப் படை இறங்கியது. மன்னரின் படை முற்றுகையிட, உள்ளே இருந்த அரிசிக் கையிருப்பு தீயில் போனது. ஆகஸ்டில் சரணாகதி. கைதிகளில் டி லனாயும் ஒருவர்.

இங்கேதான் ட்விஸ்ட். மன்னர் அவரைத் தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். ஐரோப்பிய பாணி அணிவகுப்பு, துப்பாக்கி, உதயகிரியில் பீரங்கி வார்ப்பாலை என வேலை விரிந்தது. காயங்குளம் வரை திருவிதாங்கூர் வளர்ந்தது. 1753-ல் மாவேலிக்கரை ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்களே இறங்கிவந்தார்கள். கைதிக்குக் கிடைத்த பட்டம் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி.

ஆனால் எல்லாருக்கும் அந்த மன்னரிடம் அதே தயவு கிடைக்கவில்லை. டி லனாயின் நண்பர், நட்டாலத்தைச் சேர்ந்த அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை. டி லனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். பிறகு கைது, சித்திரவதை, நாடுகடத்தல். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் மதமா, அரசியலா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. தளபதியாக இருந்தும் நண்பரின் உயிர் மிஞ்சவில்லை. டி லனாய் அதே மன்னரிடமே வேலையைத் தொடர்ந்தார். 2022 மே 15-ல் வாட்டிகன் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தது.

அடுத்து மைசூர் அபாயம். 1766-ல் ஹைதர் அலி மலபாரைப் பிடித்தார். வடக்கு எல்லையில் 'நெடுங்கோட்டை' அரணைப் பலப்படுத்தும் பொறுப்பு டி லனாயிடம் வந்தது. (அதே ஹைதர்தான் 1767 செப்டம்பரில் நம்ம திருவண்ணாமலை அருகே ஆங்கிலேயத் தளபதி ஜோசப் ஸ்மித்திடம் தோற்றவர்.) 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் அந்த அரணில் முறிந்தது. அதைப் பார்க்க டி லனாய் இல்லை. 1777 ஜூன் 1-ல், 61 வயதில், உதயகிரியிலேயே இறந்திருந்தார்.

கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. உள்ளே, கூரையில்லாத சிறிய தேவாலயத்தில் மனைவி, மகனின் கல்லறைகளோடு அவருடையதும் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.