தவணையில் வந்த வெளிச்சம்



கடன் போட்டு ஒரு பொருள் வாங்குறோம். தவணை முடியறதுக்குள்ள அது கெட்டுப்போனா என்ன செய்வோம்? பொருளும் இல்லை, கடனும் தீரவில்லை. நமது பக்கத்து நாடான பங்களாதேஷில் சூரிய விளக்கு பரவிய விதத்தைப் பார்த்தால் இதற்கு ஒரு வழி தெரியும்.

அங்கே ஆற்றுத் திட்டுகளிலும் ஒதுக்குப்புற ஊர்களிலும் கரண்ட் இல்லாமல் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. 1996-ல் தொடங்கிய கிராமீன் சக்தி நிறுவனம், வீட்டுக்கான சூரிய விளக்கைத் தவணையில் கொடுத்தது. 2003-ல் அந்நாட்டு அரசின் இட்கால் நிதி நிறுவனம் பல தொண்டு நிறுவனங்களையும் சேர்த்து இதைப் பெரிய திட்டமாக்கியது. 2018-க்குள் 40 லட்சம் வீடுகளுக்கு மேல் விளக்கு போய்ச் சேர்ந்தது.

இது எப்படி வேலை செய்யுது?

கூரைமேல் வைத்த பலகை வெயிலைக் கரண்டாக மாற்றும். அது பகலில் பேட்டரியில் சேரும். ராத்திரி அதிலிருந்து விளக்கு எரியும். நம்ம குழு சேமிப்பு மாதிரிதான், போட்ட அளவுக்குத்தான் எடுக்க முடியும். பேட்டரி அடியோடு தீராமல் ஒரு சின்னப் பெட்டி காவல் காக்கும். பலகை 20 வருஷம் உழைக்கும். பேட்டரியைத்தான் சில வருஷத்தில் மாத்தணும். செலவு அங்கேதான்.

தவணை எப்படி?

கிராமீன் சக்தியில் விலையில் 15 சதவீதம் முன்பணம் கட்டி, மீதியை 36 மாதத்தில் கட்டலாம் என்று இருந்தது. தவணை வாங்க வந்தவரே விளக்கையும் சரிபார்த்தார். விளக்கு எரியாத வீட்டில் தவணை வராதே! அதனால் நிறுவனத்துக்கும் அக்கறை இருந்தது. கிராமத்துப் பெண்களுக்கே பழுது பார்க்கப் பயிற்சியும் கொடுத்தார்கள்.

பிறகு கரண்ட் கம்பி வேகமாக வந்தது. இன்னொரு பக்கம் அரசே இலவசமாகவும் சூரிய விளக்கு கொடுத்தது. பலர் தவணை கட்டவில்லை. 2018-ல் திட்டம் முடிந்தது.

சூரிய விளக்குக்குக் கடன் கேட்டு யாராவது வந்தால் குழுவில் இதைக் கேளுங்கள்:

* பழுதானால் யார் வருவார்? எத்தனை நாளில்?
* பேட்டரிக்கு எத்தனை வருஷ உத்தரவாதம்? எழுத்தில் உண்டா?
* புது பேட்டரிக்கு மாதாமாதம் எவ்வளவு சேர்க்கணும்?
* நாளைக்கே கரண்ட் வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா?

பதில் கிடைத்த பிறகு தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடலாம்.