ஹிஸ்டெரோஸ்கோப்பி பரிசோதனை: பயனில் ஐயமில்லை, வலியில் சர்ச்சை

மாதவிடாய் முற்றிலும் நின்றுபோன ஒரு பெண்ணுக்கு மீண்டும் இரத்தப்போக்கு ஏற்பட்டால், அதைப் புறக்கணிக்கக் கூடாது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. இவ்வாறு வருபவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுவாகவே இருக்கக்கூடும். பிரிட்டனில் இத்தகைய பெண்களுக்கு வழக்கமாக முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. அதில் ஐயம் எழுந்தால் பல சமயங்களில் அடுத்து செய்யப்படுவது ஹிஸ்டெரோஸ்கோப்பி எனப்படும் பரிசோதனை.

விளக்கும் கேமராவும் பொருத்தப்பட்ட, சில மில்லிமீட்டர் பருமனே உள்ள குழாய் ஒன்று, பிறப்புறுப்பு வழியாகவும் கருப்பை வாய் வழியாகவும் கருப்பைக்குள் செலுத்தப்படுகிறது. வயிற்றில் கத்தி வைக்கப்படுவதில்லை, தையலும் இல்லை. கருப்பையின் சுவர்கள் இயல்பாக ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவை என்பதால், உப்புநீரைச் செலுத்தி அவற்றை விரித்த பிறகே உட்புறம் திரையில் தெரியும். தசைக்கட்டிகள், பாலிப் எனப்படும் சதை வளர்ச்சிகள், கருப்பையின் உள்ளே ஏற்பட்டுள்ள ஒட்டுதல்கள் ஆகியவற்றை மருத்துவர் நேரடியாகப் பார்க்கலாம். தேவையானால் சிறு திசுத் துணுக்கை எடுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கு அனுப்பலாம். அதிக மாதவிடாய்ப் போக்கு, தொடர்ந்து கருச்சிதைவு ஆகியவற்றின் காரணத்தைக் கண்டறியவும் இது பயன்படுகிறது.

இது புதிய முறையும் அல்ல. 1869 ஆம் ஆண்டிலேயே பந்தலியோனி என்ற மருத்துவர், 60 வயதுப் பெண் ஒருவரின் கருப்பைக்குள் குழாய் மூலம் பார்த்து, இரத்தப்போக்குக்குக் காரணமான பாலிப்பைக் கண்டறிந்து சிகிச்சை அளித்ததாகப் பதிவு உள்ளது. ஆயினும் நீண்ட காலம் இது மயக்க மருந்து கொடுத்து அறுவை அரங்கில் செய்யப்படும் ஒன்றாகவே இருந்தது. கருவிகள் மெலிந்த பிறகுதான், வெளிநோயாளிப் பிரிவில், பெண் விழித்திருக்கும்போதே செய்யும் வழக்கம் பரவியது.

சர்ச்சை தொடங்குவது இங்கேதான்.

சராசரி மறைக்கும் உண்மை

வெளிநோயாளி முறையில் ஆதாயங்கள் உண்டு. மயக்க மருந்தின் ஆபத்து இல்லை. பரிசோதனை சில நிமிடங்களில் முடிகிறது. அன்றே வீடு திரும்பலாம். மருத்துவமனைக்கும் செலவு குறைவு. மாதவிடாய் வலி போன்ற சிறு அசௌகரியம் இருக்கலாம் என்றே பெண்களிடம் பெரும்பாலும் கூறப்பட்டு வந்தது. பலருக்கு அது உண்மையும்கூட.

ஆனால் எல்லோருக்கும் அல்ல. வலியை 10 புள்ளி அளவில் குறிப்பிடுமாறு கேட்டால், சுமார் மூன்றில் ஒரு பகுதிப் பெண்கள் 7 அல்லது அதற்கும் மேல் என்று கூறுகின்றனர் என்பதைப் பிரிட்டனின் மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியே ஏற்றுக்கொண்டுள்ளது. கருப்பை வாயைக் கடக்கும்போதும், நீரால் கருப்பை விரியும்போதும், திசு எடுக்கப்படும்போதும் வலி ஏற்படலாம். பிறப்புறுப்பு வழியே குழந்தை பெறாதவர்களுக்கும், மாதவிடாய் நின்றதால் கருப்பை வாய் குறுகியவர்களுக்கும் அது கடுமையாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். இப்படி வேதனைப்படுபவரிடம் 'பெரும்பாலானோர் தாங்கிக்கொள்கிறார்கள்' என்று சொல்வது ஆறுதலாக அமைவதில்லை.

இவ்வாறு பாதிக்கப்பட்ட பெண்கள் பிரிட்டனில் இயக்கமாகத் திரண்டனர். அப்போது தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த லின் பிரவுன், இப்பிரச்சினையை 2013 முதல் பலமுறை அவையில் எழுப்பினார். ராயல் கல்லூரி 2023 இல் வலி நிவாரணம், நோயாளியின் சம்மதம் ஆகியவை குறித்துத் தனி ஆவணம் வெளியிட்டது. 2024 இல் அதன் வழிகாட்டுதல்களும் புதுப்பிக்கப்பட்டன.

என்ன கேட்கலாம்?

வலி நிவாரண மாத்திரையைப் பரிசோதனைக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு உட்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது. பிறப்புறுப்பை விரிக்கும் உலோகக் கருவியைத் தவிர்த்து, மெல்லிய குழாயை மட்டும் செலுத்தும் முறையில் வலி குறைவு என ஆய்வுகள் காட்டியுள்ளன. கருப்பை வாயில் மரத்துப்போகும் ஊசி போடலாம். இவை போதாது என்று கருதும் பெண், முழு மயக்கத்தில் செய்யுமாறு கேட்கலாம். அதற்கு வேறு நாளில் வரவேண்டியிருக்கலாம். முந்தைய பரிசோதனைகளில் கடும் வலியோ, பாலியல் வன்முறை அனுபவமோ இருந்தால் அதை முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

கருப்பைச் சுவரில் துளை விழுவது போன்ற கடுமையான பாதிப்பு மிக அரிது. பரிசோதனைக்குப் பிறகு சில நாட்கள் இலேசான இரத்தக்கசிவும் அடிவயிற்று வலியும் இருப்பது இயல்பு. காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, அதிகரிக்கும் வலி ஆகியவை தொற்றின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவரை அணுகவேண்டும்.

தொடங்கிய பரிசோதனையை எந்தக் கட்டத்திலும் நிறுத்தச் சொல்லும் உரிமை பெண்ணுக்கு உண்டு. ஆனால் அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் சொல்லத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். அத்தகையோர், அனுமதிக் கடிதம் வந்தவுடனேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று மருத்துவமனைக்குத் தெரிவிக்கலாம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் அதற்குக் கட்டணம் கிடையாது. கூட வரும் மகனோ கணவனோ மொழிபெயர்க்கும்போது, வலியைப் பற்றியும் மாதவிடாயைப் பற்றியும் பலர் பாதியைச் சொல்லாமலேயே விட்டுவிடுகின்றனர்.