கேள்வி எப்போது கடினமாகிறது?

பாளையங்கோட்டைக்குத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்ற பெயர் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. 1878-ல் தூய யோவான் கல்லூரி, 1923-ல் தூய சவேரியார் கல்லூரி, 1981-ல் அரசு பொறியியல் கல்லூரி என்று படிப்பு இங்கே ஊரோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. இங்கிருந்து அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் பலருக்கும் முதலில் எதிரே வந்து நிற்பது ஜி.ஆர்.இ. தேர்வு. கணக்குப் பகுதியைக் கண்டு அவர்கள் கலங்குவதில்லை. கலங்க வைப்பது ஆங்கில மொழிப் பகுதிதான். பாரன்ஸ் வழிகாட்டி நூலில் இருந்த 3,500 சொற்களின் பட்டியலை உருப்போட்டால் கரையேறிவிடலாம் என்று அண்ணன்மார் தம்பிமாருக்குச் சொல்லி வந்தார்கள். அந்தப் பேச்சு இன்றும் ஓயவில்லை. அது எவ்வளவு நல்ல உழைப்பை வீணாக்குகிறது என்று நினைத்தால் மனம் வருந்துகிறது. இந்தத் தேர்வில் ஒரு கேள்வியைக் கடினமாக்குவது பெரும்பாலும் அரிய சொல் அல்ல.

தமிழிலேயே ஒரு கேள்வியை அமைத்துப் பார்க்கலாம். ‘வெள்ளம் கரையைத் தாண்டியதால் குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீரில் ______.’ மூழ்கியது, காய்ந்தது, எரிந்தது என்று மூன்று விடைகள் கொடுத்தால் பள்ளிப் பிள்ளையும் சரியாகச் சொல்லிவிடும். இப்போது இதைப் பாருங்கள்: ‘குறுக்குத்துறைக் கோயில் இத்தனை வெள்ளத்தையும் தாண்டி நிற்பதற்குக் கல்லின் உறுதி மட்டும் காரணம் அல்ல, தண்ணீரை எதிர்த்து நிற்காமல் அதற்கு ______ வகையில் அதை அமைத்ததுதான் காரணம் என்கிறார்கள்.’ விடைகள்: ஈடுகொடுக்கும், வழிவிடும், தடைபோடும், அஞ்சும், அரணாகும்.

இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பலருடைய கை ‘ஈடுகொடுக்கும்’ என்பதை நோக்கிப் போகும். வெள்ளம், உறுதி, நிற்பது என்று வாக்கியத்தின் முற்பகுதி மனதை அந்தப் பக்கமே தள்ளுகிறது. ‘எதிர்த்து நிற்காமல்’ என்ற இரண்டு சொற்களில் நின்று நிதானித்தவருக்குத்தான் ‘வழிவிடும்’ என்பது பிடிபடும். கேள்வி எழுதுபவரின் திறமையெல்லாம் அந்த ‘ஈடுகொடுக்கும்’ என்ற தவறான விடையில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ‘பாடும்’ என்று போட்டால் அதே கேள்வி சட்டென்று எளிதாகிவிடும். ஜி.ஆர்.இ.யின் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகள் பலவும் இந்த வழியில்தான் கடினமாக்கப்படுகின்றன. ‘ஆனாலும்’, ‘மட்டுமல்ல’, ‘மாறாக’ போன்ற திருப்பங்களுக்கான ஆங்கிலச் சொற்களைக் கண் தவறவிட்டால் அகராதியே மனப்பாடமாக இருந்தாலும் பயனில்லை.

ஒரு கேள்வி கடினமா, எளிதா என்பதை எழுதியவர் முடிவு செய்வதில்லை. புதிய கேள்விகளை மதிப்பெண் இல்லாமல் முன்கூட்டியே ஏராளமானோரிடம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். பொதுவாக நன்றாக எழுதுபவர்களில் எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள், சுமாராக எழுதுபவர்களில் எத்தனை பேர் என்று கணக்கிட்டுத்தான் கடினத்துக்கு ஓர் எண் கிடைக்கிறது. டென்மார்க்கின் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960-ல் வெளியிட்ட நூலும், ஜி.ஆர்.இ.யை நடத்தும் அமெரிக்காவின் இ.டி.எஸ். நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரெடரிக் லார்டின் ஆய்வுகளும் இந்தக் கணக்குக்கு அடித்தளமானவை. மாணவரின் திறனையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைப்பது ராஷ் காட்டிய வழி. இரண்டும் சமமாக இருந்தால் விடை சரியாக வருவதற்கும் தவறுவதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படிப்பட்ட கேள்விதான் ஒருவரைப் பற்றி அதிகம் சொல்லும். வல்லவரிடம் மிக எளிய கேள்வியைக் கேட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

கேள்வி ஆளுக்கேற்ப மாறும் தேர்வு இங்கிருந்துதான் பிறந்தது. ஜி.ஆர்.இ. 1993-ல் அப்படிக் கணினிக்கு வந்தபோது ஒவ்வொரு விடைக்கும் பிறகு அடுத்த கேள்வி மாறியது. சரியென்றால் கடினமானது வரும், தவறென்றால் எளிதானது வரும். பின்னால் போய்த் திருத்த முடியாது. அதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. ஒரே கேள்விக் களஞ்சியத்திலிருந்து நாள்தோறும் கேள்விகள் எடுக்கப்பட்டதால் முன்பு எழுதியவர் கண்ட கேள்வியே பின்னால் எழுதுபவருக்கும் வந்தது. 1994-ல் காப்லான் என்ற பயிற்சி நிறுவனம் தன் ஆட்களைத் தேர்வு எழுத அனுப்பி, அவர்கள் நினைவில் கொண்டுவந்த கேள்விகளைத் திரட்டி, பாதுகாப்பு இவ்வளவுதான் என்று காட்டியது. இ.டி.எஸ். அதன்மீது வழக்குப் போட்டது. 2002-ல் சீனா, தைவான், தென்கொரியா ஆகிய இடங்களில் கணினித் தேர்வையே நிறுத்திவிட்டுத் தாள் தேர்வுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. எழுதியவர்கள் நினைவிலிருந்து கேள்விகளை இணையத்தில் ஏற்றியதுதான் காரணம்.

2011 ஆகஸ்டில் முறை மாறியது. இப்போது கேள்விக்குக் கேள்வி மாறுவதில்லை, பிரிவுக்குப் பிரிவுதான் மாறுகிறது. 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட இன்றைய தேர்வில் மொழிப் பகுதியின் முதல் பிரிவுக்கு 18 நிமிடத்தில் 12 கேள்விகள், இரண்டாவதற்கு 23 நிமிடத்தில் 15 கேள்விகள். முதல் பிரிவு எப்படிப் போனதோ அதைப் பொறுத்து இரண்டாவது பிரிவின் கடினம் அமைகிறது. ஒரு பிரிவுக்குள் முன்னும் பின்னும் போகலாம், விடையை மாற்றலாம். அங்கே எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பு. தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. சரியான விடைகளின் எண்ணிக்கையை, வந்த கேள்விகளின் கடினத்தோடு சீர்தூக்கி 130 முதல் 170 வரையான மதிப்பெண்ணாக மாற்றுகிறார்கள். ஆகவே எளிய இரண்டாம் பிரிவில் எல்லாம் சரியாகப் போட்டவரால் கடினமான பிரிவில் எல்லாம் சரியாகப் போட்டவரை எட்ட முடியாது.

கடினமான கேள்வி என்பது ஒன்று, அநியாயமான கேள்வி என்பது வேறு. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு காலத்தில், ஓடுபவருக்கு மாரத்தான் எப்படியோ அப்படித் துடுப்பு வலிப்பவருக்கு எது என்று ஒரு கேள்வி வந்தது. விடை ரெகாட்டா, அதாவது படகுப் போட்டி. படகுக் கழகங்களைப் பார்த்து வளர்ந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எளிது, மற்றவர்களுக்கு இருட்டு. தென்னைக்குத் தென்னங்கன்று எப்படியோ அப்படிப் பனைக்கு எது என்று கேட்டால், இளம்பனையான வடலியைத் திசையன்விளைப் பிள்ளை நொடியில் சொல்லும், சென்னைப் பிள்ளை விழிக்கும். மொழித்திறனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒரே திறன் உள்ள இரு குழுக்களில் ஒரு குழு மட்டும் ஒரு கேள்வியில் தடுமாறினால் அந்தக் கேள்வியைச் சந்தேகிப்பதற்கான புள்ளியியல் முறைகள் 1980-களில் வலுப்பெற்றன. இப்படிப்பட்ட ஒப்புமைக் கேள்விகள் எஸ்.ஏ.டி.யிலிருந்து 2005-லும், ஜி.ஆர்.இ.யிலிருந்து 2011-லும் நீக்கப்பட்டன. நீக்கியது சரிதான்.

இன்றைய ஜி.ஆர்.இ.யில் இரண்டாம் பிரிவு மலைபோல் தெரிந்தால் பிள்ளைகள் துவண்டுபோகிறார்கள். துவளத் தேவையில்லை. முதல் பிரிவை நன்றாக எழுதியவருக்குத்தான் அது வரும். அதில் நாலைந்து தவறினாலும் கவலைப்பட வேண்டாம். ஒரே கேள்வியில் நாலு நிமிடம் மல்லுக்கட்டுவதுதான் நஷ்டம்; குறித்து வைத்துவிட்டு நகர வேண்டும், நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.

சொற்பட்டியலை அடியோடு தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதற்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை ஆங்கில நாளிதழ்களின் தலையங்கத்துக்கும் அறிவியல், வரலாற்றுக் கட்டுரைகளுக்கும் கொடுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் எழுதியவர் எந்த இடத்தில் திரும்புகிறார் என்று பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பயிற்சி மையத்தில் சேர்வதற்கு முன்பே ஒன்றைச் செய்துவிடலாம். இ.டி.எஸ். தன் இணையதளத்தில் ‘பவர்பிரெப்’ என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. உண்மைத் தேர்வைப் போலவே அவற்றிலும் இரண்டாம் பிரிவு மாறும். முதலில் அதில் ஒன்றை எழுதிப் பாருங்கள்.