டகோட்டா விமானம்: ஓய்வும் பாதுகாப்பும்

டகோட்டா என்பது அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் உருவாக்கிய இரட்டை என்ஜின் போக்குவரத்து விமானம். இதன் மூல வடிவமான டிசி-3, 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலில் பறந்தது. இரண்டாம் உலகப் போரில் வீரர்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்ல சி-47 உள்ளிட்ட ராணுவ வகைகள் பத்தாயிரம் அளவில் செய்யப்பட்டன. டகோட்டா என்பது பிரிட்டிஷ் விமானப்படை இட்ட பெயர். இந்தியாவிலும் அதுவே நிலைத்தது. இறக்கையின் நீளம் முனைக்கு முனை சுமார் 29 மீட்டர். வாலின் அடியில் ஒரு சிறு சக்கரம் இருப்பதால் தரையில் நிற்கும்போது மூக்கை நிமிர்த்திக்கொண்டிருக்கும். மாணவர்கள் இதை வைத்தே படத்தில் அடையாளம் காணலாம்.

இந்தியாவில்

1947 அக்டோபர் 27 அன்று காலை, லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய் தலைமையில் சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் வீரர்கள் டெல்லியிலிருந்து டகோட்டாக்களில் ஸ்ரீநகர் சென்று இறங்கினர். விமானப்படையின் விமானங்கள் போதாமல், தனியார் நிறுவனங்களின் டகோட்டாக்களும் இப்பணியில் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு மே மாதம் ஏர் கமடோர் மெஹர் சிங் பதினோராயிரம் அடி உயரத்திலுள்ள லே நகரில் டகோட்டாவை இறக்கிக் காட்டினார். உள்ளே காற்றழுத்தத்தைக் காக்கும் அமைப்பு எதுவும் அந்த விமானத்தில் கிடையாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏன் ஓய்வு?

எங்கள் ஆத்தூர், நாமக்கல் பக்கத்தில் பழைய லாரி ஓடவில்லை என்றால் அடிச்சட்டம், என்ஜின், கியர்பாக்ஸ் என்று பிரித்து விற்றுவிடுவார்கள். மிச்சம் காயலான் கடைக்குப் போகும். விமானத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உலோகம் சிறிது களைப்படைகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வளர்கின்றன. டகோட்டாவின் உடல் இந்த வகையில் கெட்டியானது. அதை வீழ்த்தியவை உதிரிபாகத் தட்டுப்பாடும் எரிபொருளும்தான். அதன் பிஸ்டன் என்ஜின்களுக்கு விமானப் பெட்ரோல் வேண்டும். ஜெட் விமானங்கள் பெருகியபின் விமான நிலையங்களில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளே எங்கும் கிடைத்தது. கண்டம் செய்யப்பட்ட விமானத்தில் முதலில் கழற்றப்படுவது மற்ற விமானங்களுக்கு உதவும் பாகங்கள். எனவே அருங்காட்சியகத்துக்கு வருவது பெரும்பாலும் வெறும் கூடுதான்.

இரண்டு டகோட்டாக்கள்

பாதுகாப்பதில் இரு வழிகள் உண்டு. இரண்டுக்கும் இந்தியாவில் டகோட்டாவே எடுத்துக்காட்டு.

முதல் வழி, பறக்கும் நிலையில் வைத்திருப்பது. போர்க்காலத்தில் தயாரான ஒரு டகோட்டாவை, முன்னாள் டகோட்டா விமானியின் மகனான ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, பிரிட்டனில் சீரமைத்து விமானப்படைக்கு அன்பளிப்பாக அளித்தார். 2018 ஏப்ரலில் அது இங்கிலாந்திலிருந்து பல நாடுகளில் இறங்கி இறங்கிப் பறந்தே இந்தியா வந்து, மே மாதம் ஹிண்டன் தளத்தில் சேர்க்கப்பட்டது. பரசுராமா என்று பெயர். வாலில் உள்ள எண் விபி 905. 1947இல் ஸ்ரீநகருக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டாவின் எண் அது. அதன் நினைவாக இதற்கு இடப்பட்டது. ஸ்ரீநகரில் இறங்கிய அதே விமானம் இதுதான் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

இரண்டாவது வழி, நிலையாக நிறுத்திவைப்பது. பிஜு பட்நாயக் நடத்திய கலிங்கா ஏர்லைன்ஸின் ஒரு டகோட்டா, கொல்கத்தா விமான நிலையத்தில் பல பத்தாண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்தது. 2023 ஜனவரியில் அதைப் பாகம் பாகமாகப் பிரித்து லாரிகளில் ஏற்றி, 400 கிலோமீட்டருக்கு மேல் சாலை வழியாகப் புவனேசுவரம் கொண்டுவந்து பூட்டினார்கள். பிறகு அது அங்குள்ள விமான நிலையத்தில் பார்வைக்கு நிறுத்தப்பட்டது. இது இனிப் பறக்காது. ஆனால் உண்மையாகவே கலிங்கா ஏர்லைன்ஸில் ஓடிய விமானம் என்பதால், வரலாற்றுச் சான்று என்ற வகையில் எனக்கு இதுவே ஒரு படி மேலாகத் தோன்றுகிறது.

நிறுத்தினால் போதாது

திறந்தவெளியில் நிற்கும் விமானம் மெல்லக் கரைகிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அது பாதி உண்மை. அலுமினியத் தகட்டோடு எஃகு ஆணி சேரும் இடத்தில் ஈரம் தங்கினால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகி அலுமினியம் அரிக்கப்படும். கடற்காற்றின் உப்பு இதை விரைவுபடுத்தும். ஆகவே தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்க்க வேண்டும். என்ஜின் வாய்களையும் சிறு இடுக்குகளையும் மூட வேண்டும். இல்லையேல் பறவையும் குளவியும் கூடு கட்டும். டயர்கள் எடை தாங்காமல் அமுங்கிப்போவதால் உடலைத் தாங்கிகள் மேல் ஏற்றுவார்கள். வெயிலில் சன்னல் பிளாஸ்டிக் மஞ்சளிக்கும்.

சரக்கு விமானம் அல்ல என்றாலும், நம் அரக்கோணம் கடற்படைத் தளத்தில் பணியாற்றிய டியூ-142 என்ற கண்காணிப்பு விமானத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2017இல் ஓய்வுபெற்ற அவ்வகை விமானங்களுள் ஒன்று, விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக்கப்பட்டுள்ளது. மக்கள் உள்ளே ஏறிப் பார்க்கலாம். கடலை ஒட்டி நிற்பதால் அதன் பராமரிப்பு ஓயாத வேலை.

அடுத்தது ஆவ்ரோ

டகோட்டாவுக்குப் பின் வந்த ஆவ்ரோ எச்எஸ்-748, கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் செய்யப்பட்டது. அங்கே உருவான முதல் விமானம் 1961 நவம்பரில் பறந்தது. அதன் இடத்தை நிரப்ப 56 சி-295 விமானங்களுக்கு 2021 செப்டம்பரில் ஒப்பந்தமாகி, 2023இல் முதல் விமானம் வந்துசேர்ந்தது. ஆவ்ரோக்களில் எவற்றைக் காப்பது என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும். உதிரிபாகங்கள் கழற்றப்பட்ட பின் யோசித்தால் கூடுதான் மிஞ்சும். விமானத்தோடு அதன் பறப்புப் பதிவேடுகளும் சேர வேண்டும். எந்த விமானம் எங்கே பறந்தது என்பதை வால் எண் மட்டும் சொல்லாது. அதை வேறொரு விமானத்திலும் எழுதிவிடலாம்.

சேலம் பக்கத்து மாணவர்களுக்கு எளிதில் போய்வரக்கூடியது பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அருங்காட்சியகம். அங்கு போகும்போது வாலில் உள்ள எண்ணோடு, உடலில் தயாரிப்பு எண் பொறித்த சிறு தகடு இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.